வாம்பயரைக் காப்பாற்றாதீர்கள்: தனியாள் கதையாட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கிய ‘தௌசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்’ தனியாக உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரமாக இருந்து கதை சொல்லும் ஆட்டம். இதில் உங்கள் பாத்திரம், ரத்தம் குடித்து நூற்றாண்டுகள் வாழும் ஒரு வாம்பயர். எதிராளி கிடையாது, ஆட்டத்தை நடத்துபவரும் கிடையாது. புத்தகத்தோடு ஒரு நோட்டு, பேனா, பத்து பக்கப் பகடை ஒன்று, ஆறு பக்கப் பகடை ஒன்று இருந்தால் போதும். பத்து பக்கப் பகடையில் விழுந்த எண்ணிலிருந்து மற்றதைக் கழித்து, புத்தகத்தில் எண்ணிட்டிருக்கும் பிராம்ப்டுகளில் (கதையைத் தூண்டும் சிறு குறிப்புகள்) அத்தனை எண் முன்னேயோ பின்னேயோ நகர வேண்டும். அங்கிருக்கும் பிராம்ப்டைப் படித்து, உங்கள் வாம்பயருக்கு என்ன நேர்ந்தது என்று எழுத வேண்டும். வாம்பயரின் நினைவுகள், திறமைகள், உடைமைகள், தெரிந்த மனிதர்கள் எல்லாம் நோட்டில் பட்டியலாக இருக்கும். இவ்வளவு எளிதாக இருந்தும் பலருக்கு ஆட்டம் பாதியில் சப்பென்று ஆகிவிடுகிறது. பெரும்பாலும் காரணம், அவர்கள் வாம்பயரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் பார்ப்பதுதான். மற்ற ஆட்டங்களில் நம் பாத்திரம் வளரும். இதில் தேயும்.

மறதியில்தான் இது நன்றாகத் தெரியும். வாம்பயருக்கு ஐந்து நினைவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று அனுபவங்கள் வரைதான் இடம். புதிய அனுபவத்துக்கு எங்கும் இடமில்லையென்றால் பழைய நினைவு ஒன்றை முழுசாகக் கோடு போட்டு அடித்தாக வேண்டும். அப்போது பலர் இருப்பதிலேயே சாதாரணமானதை அடிக்கிறார்கள். விதிப்படி அதில் தவறில்லை, ஆனால் கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வெனிஸ் அருகே முரானோ தீவில் கண்ணாடி ஊதிய ஒருத்தியை வாம்பயராக எடுத்துக்கொள்வோம். 1348-இல் வெனிஸைத் தாக்கிய கொள்ளைநோயில் அவள் மகள் இறந்துபோகிறாள். மகளுக்காகச் செய்த நீலக் கண்ணாடி மணி ஒன்று அவளுடைய உடைமைப் பட்டியலில் இருக்கிறது. மகளைப் பற்றிய நினைவை அடித்துவிட்டாலும் மணி பட்டியலில் அப்படியே இருக்கும். முந்நூறு ஆண்டு கழித்து, ஏன் இதைத் தூக்கி எறிய முடியவில்லை என்று தெரியாமலே அவள் அதைப் பையில் வைத்துத் திரிவாள். பிறகு யாரோ ஒருவன் அதைத் திருடும்போது, அவள் ஏன் அவனைக் கொல்லும் அளவுக்குப் போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்த ஆட்டத்தின் ருசியே அங்கேதான். அடிக்கும்போது ஒற்றைக் கோடாகப் போடுங்கள். கீழே இருப்பது உங்களுக்காவது படிக்கக் கிடைக்கட்டும்.

டைரி விஷயமும் இதே கதைதான். நினைவை அடிக்காமல் டைரிக்கு மாற்றலாம். நான்கு நினைவுகள் வரை அதில் கொள்ளும். ஆனால் டைரிக்குப் போன நினைவில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. டைரியே ஓர் உடைமை என்பதால், அது போனால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து போகும். உடைமையை இழக்கச் சொல்லும் ஒவ்வொரு பிராம்ப்டிலும் டைரியைத் தவிர மற்றதையெல்லாம் கொடுத்துத் தப்பிப்பவர்கள் உண்டு. ஒரு தடவையாவது அது எரியட்டும், வெள்ளத்தில் போகட்டும்.

அடுத்த தவறு, எழுதித் தள்ளுவது. ஓர் அனுபவம் என்பது ஒரே வாக்கியம். ‘கப்பலில் ஏறினேன், புயல் வந்தது, பலர் இறந்தார்கள், பிறகு கரை சேர்ந்தேன்’ என்று சம்பவங்களை அடுக்கினால் எதுவும் நிற்காது. ‘புயலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுத மாலுமியின் ரத்தத்தைத்தான் அன்றிரவு குடித்தேன், அவன் பெயரைக் கேட்டிருக்கக் கூடாது’ என்றால் நடந்ததும் அது அவளுக்கு என்னவாக இருந்தது என்பதும் சேர்ந்து வந்துவிடும். விரிவாக நாட்குறிப்பு போல எழுதி ஆடும் முறையும் இருக்கிறது. அதிலும் இந்த ஒற்றை வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் விரிப்பது நல்லது.

சரித்திரம் தெரியாதே என்று தயங்குபவர்கள் ஒரு பக்கம், ஒவ்வொரு பிராம்ப்டுக்கும் மணிக்கணக்கில் படிப்பவர்கள் இன்னொரு பக்கம். ஒரு நூற்றாண்டுக்கு ஒரு கெட்டியான தகவல் இருந்தாலே கதை நடக்கும். 1582-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது இத்தாலியில் அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 ஆனது. நாட்களை எண்ணி எண்ணி வாழ்பவளுக்கு அந்தப் பத்து நாள் எங்கே போயிற்று என்பதே ஒரு பக்கம் எழுதத் தாங்கும்.

காலம் தாவும்போது மனிதர்களை மறந்துவிடுவதும் சகஜம். எண்பது ஆண்டு கடந்த பிறகும் தொடக்கத்தில் எழுதிய தம்பி பட்டியலில் உயிரோடு இருப்பான். அவ்வப்போது பட்டியலைப் பார்த்து, வயதாகி இறந்திருக்க வேண்டியவர்களை அடியுங்கள்.

விதிகளில் இரண்டு இடத்தில் குழப்பம் வரும். கழித்தல் கணக்கில் நான்குக்கு ஒரு வீச்சு பின்னோக்கித்தான் போகும். அது தண்டனை என்று நினைத்து மறுபடி உருட்டாதீர்கள். ஏற்கெனவே வந்த எண்ணில் மீண்டும் நின்றால் அதன் இரண்டாவது பகுதியைப் படிக்க வேண்டும். பழைய சம்பவத்தின் பின்விளைவுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இன்னொன்று, பயன்படுத்தி டிக் அடித்த திறமை பட்டியலை விட்டுப் போவதில்லை. மறுபடி டிக் அடிக்க முடியாதே தவிர, அது அவளுடைய குணமாகவே இருக்கும்.

தனியாகத்தானே ஆடுகிறோம், எல்லை எதற்கு என்று நினைக்க வேண்டாம். கொலை, துரோகம், அடிமைப்படுத்துதல் எல்லாம் வரும், அதுவும் கொடுமையைச் செய்பவரின் கண்வழியாக. ஒத்துவராத பிராம்ப்டைத் தாண்டிப் போங்கள், அல்லது அன்றைக்கு நோட்டை மூடிவிடுங்கள். யாரும் கேட்கப் போவதில்லை.

பிராம்ப்ட் திறமைக்கு டிக் அடிக்கச் சொல்லி, டிக் அடிக்காத திறமை எதுவும் மிச்சம் இல்லையென்றால் பதிலுக்கு ஓர் உடைமையை இழக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. அந்த இடத்தில் ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று புதிதாக ஒரு திறமையைச் செருகுவதற்குக் கை பரபரக்கும். செருகாதீர்கள். அவள் எப்படி முடிந்தாள் என்று இரண்டு மூன்று வரி எழுதினால் போதும். அடித்த நினைவுகளை அந்த முடிவுரையில் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.