கெண்டி மாடலிங்: வழவழப்பைக் கெடுக்கும் தவறுகள்

பெங்களூரு கேம் ஸ்டுடியோக்களில் வேலை தேடி வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி, மூக்கு வைத்த பித்தளைக் கெண்டியைக் கணினியில் 3D உருவமாக வடிப்பது. பிளெண்டர் என்ற 3D மென்பொருளைத் திறந்ததுமே பலர் 64 பக்க சிலிண்டரை (உருளையை) போடுகிறார்கள். வட்டம் நன்றாக வர வேண்டுமாம்! அப்புறம் கழுத்தை ஒடுக்கி வயிற்றை உப்பவைக்கும்போது, ஒரு பள்ளத்தைச் சரிசெய்தால் பக்கத்தில் மேடு கிளம்பும்.

வெறும் டம்ளருக்கு 8 பக்கமே போதும்; மூக்கு ஒட்ட வேண்டுமென்றால் 16. எட்வின் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் 1978-ல் வெளியிட்ட சப்டிவிஷன் முறை, உருவத்தின் முகங்களை (பரப்புத் துண்டுகளை) சிறிதாகப் பிரித்து, புள்ளிகளை அக்கம்பக்கத்தோடு சராசரி எடுத்து நகர்த்தி, வளைவைத் தானே உருட்டித் தந்துவிடும். ஆனால் சராசரி எடுப்பதால் உருவம் உள்ளே சுருங்கும்: 8 பக்க உருளையின் ஆரம் சுமார் 10 சதவீதம், 16 பக்கமானால் 2.5 சதவீதம். ஆகவே இந்த முறையைச் செய்துதரும் மாடிஃபையரைப் போட்ட பிறகு அளந்து பாருங்கள்.

பெரிய வம்பு மூக்கு ஒட்டும் இடத்தில்தான். பூலியன் (இரு உருவங்களை வெட்டி இணைக்கும் கருவி) போட்டு ஒட்டினால் என்-கான்கள் (நாலுக்கு மேல் பக்கமுள்ள முகங்கள்) குவிந்து, அங்கே சுருக்கம் விழும். அதைவிட, வயிற்றில் 2×2 என நான்கு குவாட்களை (நாற்பக்க முகங்களை) நீக்குங்கள். 8 புள்ளி கொண்ட ஓட்டை வரும், 8 பக்க மூக்கு அதில் சரியாகப் பொருந்தும். ஓட்டையின் நான்கு மூலைகளிலும் வழக்கமான நான்குக்குப் பதில் ஐந்து எட்ஜ் (விளிம்புக்கோடு) கூடும் புள்ளி உண்டாகும்; இதற்கு 'போல்' (pole) என்று பெயர். அதைத் தவிர்க்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். மூக்கைச் சுற்றி ஒரு லூப் (சுற்றிவரும் எட்ஜ் வரிசை) சேர்த்தால் போல்கள் மடிப்பை விட்டு விலகி வயிற்றுப் பக்கம் போய்விடும். 'போல்' இருக்கும் புள்ளியில் பரப்பு உடையாது, வளைவின் தொடர்ச்சிதான் அறுபடும்.

"அண்ணா, தப்பே தெரியலையே?" என்பார்கள். சாம்பல் நிறத்தில் தெரியாதுதான். பளபளக்கும் மெட்டல் மேட்கேப்பை (உலோகம் போலக் காட்டும் பார்வை முறையை) போட்டதும் ஒளிக்கோடு அங்கே நெளியும். சிக்பேட்டைப் பாத்திரக் கடையில் நிஜக் கெண்டி ஒன்றை டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பிப் பாருங்கள், கோடு எப்படி ஓட வேண்டும் என்று புரியும்.

பரப்பை வழவழப்பாகக் காட்டும் ஷேட் ஸ்மூத் வசதியை நம்பி ஏமாறவும் வேண்டாம். அது நிழலை மட்டும்தான் மழுப்பும். ஓரக்கோட்டில் மூலைகள் அப்படியே இருக்கும். விளிம்பைக் கூர்மையாக்க நெருக்கி ஒரு கிடை லூப் போடலாம், ஆனால் செங்குத்தாகப் போட்டால் வயிறு தட்டையாகும்.

சப்டிவிஷன் லெவலையும் (எத்தனை முறை பிரிப்பது என்பதையும்) ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் முகங்கள் நான்கு மடங்காகும். 2,000 குவாட் மூன்றாம் லெவலில் 1,28,000. வேலை செய்யும்போது 1 அல்லது 2 போதும், அப்ளை (மாடிஃபையரை நிரந்தரமாக்குவது) கடைசியில்.