ஆசிட் தொட்டிக்கு டைக் கட்டும்போது நடக்கும் தவறுகள்

சாயப்பட்டறையில் ஆசிட், காஸ்டிக் சோடா தொட்டிகளைச் சுற்றி டைக் சுவர், அதாவது தொட்டி உடைந்தால் கொட்டுவதை வெளியே போகாமல் பிடித்து நிறுத்தும் தடுப்புச் சுவர், கட்டப்போகிறோம் என்றால் முதலில் எழும் கேள்வி, எவ்வளவு கொள்ள வேண்டும் என்பது. இருப்பதிலேயே பெரிய தொட்டியின் அளவில் 110 சதவீதம் என்று பதிலும் உடனே வந்துவிடும். சரிதான், ஆனால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

8 மீட்டருக்கு 4 மீட்டர் இடத்தில் 10 கிலோலிட்டர் தொட்டிகள் மூன்று நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 11 கிலோலிட்டரை 32 சதுர மீட்டரால் வகுத்தால் சுவர் 35 செ.மீ. போதும் என்று தோன்றும். உடையாத மற்ற இரண்டு தொட்டிகளும் தரையை அடைத்துக்கொண்டு நிற்குமே! தொட்டியின் விட்டம் 2.2 மீட்டர் என்றால் அவற்றைக் கழித்த பிறகு தேவை 45 செ.மீ.

அப்புறம் மழை. கூரை இல்லாத அதே டைக்கில் 10 செ.மீ. மழை பெய்தால் 3,200 லிட்டர் சேரும். கூடுதலாக விட்ட 10 சதவீதமோ வெறும் 1,000 லிட்டர். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. கூரை போடுங்கள், இல்லாவிட்டால் சுவரை உயர்த்துங்கள். மழைத்தண்ணீர் போகட்டும் என்று அடியில் வால்வு வைத்து அதைத் திறந்தே விடுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தீர்வு. அந்த டைக் இருந்தும் இல்லாததுதான். வால்வு பூட்டியே இருக்க வேண்டும். தேங்கிய நீரின் பி.ஹெச். (அமில, கார அளவு) பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

சுவருக்கும் தொட்டிக்கும் உள்ள இடைவெளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திரவ மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஓட்டை விழுந்தால், பீய்ச்சியடிக்கும் ஆசிட் 45 செ.மீ. சுவரின் உயரத்துக்கு இறங்குவதற்குள் 2 மீட்டர் தாண்டிவிடும். சுவர் அரை மீட்டர் தள்ளி இருந்து என்ன பயன்? இடமில்லை என்றால் சுவரை உயர்த்தலாம், தொட்டியைச் சுற்றித் தடுப்பு போடலாம், இரட்டைச் சுவர்த் தொட்டியே வாங்கலாம்.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் ஹைப்போவும் (வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்) ஒரே டைக்குள் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. காசு மிச்சம் என்று நடுச்சுவரை விட்டுவிடும் இடங்கள் உண்டு. இதில் சமாதானமே கிடையாது.

வெறும் சிமென்ட் பூச்சை ஆசிட் அரித்துவிடும். ஆசிட் புரூஃப் செங்கலோ எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) லைனிங்கோ வேண்டும். எந்த ரசாயனம், எவ்வளவு செறிவு என்று சொல்லியே வாங்குங்கள். டேங்கர் லாரி ஹோஸ் மாட்டும் இடமும் டைக்குக்கு வெளியே போய்விடுகிறது. சொட்டுவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கும் ஒரு சிறு தொட்டிக்குழி வேண்டும்.

சுவரில் குழாய்க்காகத் துளை போடாதீர்கள், மேலே ஏற்றிக் கொண்டுபோங்கள். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் தீப்பிடித்தபோது, தடுப்புச் சுவர்களின் இணைப்புகளும் குழாய் நுழையும் இடங்களும் ஒழுகி, எரிபொருளும் தீயணைப்பு நீரும் வெளியேறி நிலத்தடி நீர்வரை போயின. லைனிங் அடிக்கும் முன் டைக்கில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். மட்டம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகு காண்ட்ராக்டருக்குப் பாக்கியைக் கொடுங்கள்.