ஜெயித்தாலும் தோற்றாலும் டிராக் ரேஸ் செலவை எடுப்பது எப்படி

பரிசுப் பணத்தை நம்பி டிராக் ரேஸில் (drag race, நேர்கோட்டில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் ரேஸ்) இறங்காதீர்கள். நுழைவுக் கட்டணம், பிஸ்டன், கிளட்ச் பிளேட், டயர், டெம்போ வாடகை எல்லாம் ஜெயித்தாலும் உண்டு, தோற்றாலும் உண்டு. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் லேத் பட்டறை வைத்துக்கொண்டு, ரேஸில் யமஹா ஆர்எக்ஸ் 135 டூ ஸ்ட்ரோக் பைக் ஓட்டுகிறேன். ரேஸ் வண்டி வாரநாளில் பட்டறைக்கு வேலை கொண்டுவர வேண்டும். எனக்குக் கட்டுப்படியானது அந்த வழிதான்.

அதற்குத் தனி நோட்டு போடுங்கள். சிலிண்டர் போரிங்குக்கோ, ஹெட்டைக் கடையவோ யாராவது வந்தால், "யார் சொல்லி வந்தீங்க தம்பி?" என்று கேட்டுவிடுங்கள். ரேஸில் வண்டியைப் பார்த்து வந்தவர் என்றால் அந்தக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு ரேஸ் நோட்டுக்கு. மற்ற வேலையின் காசை அதில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் ரேஸ் வீட்டுக் காசைத் தின்பது தெரியாமலே போய்விடும்.

பக்கத்துச் சித்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வருகிற பையன்கள், எல்லா ஓட்டத்திலும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கிற வண்டியைத்தான் நம்புகிறார்கள். ஒரே ஒரு ஓட்டத்தில் பறந்துவிட்டு, அடுத்ததில் புகை தள்ளும் வண்டிக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அந்தச் சீர் வர, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து இன்ஜினுக்குப் பெட்ரோல் சரியாகப் போகிறதா என்று படிக்கப் பழகுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகவே போட்டு ஆரம்பிக்க வேண்டும். முழு திராட்டிலில் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கிளட்ச்சைப் பிடித்து, அந்தக் கணமே இன்ஜினை அணைத்து, வண்டியை ஓரங்கட்டி பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் சரி. கரிப்பிடித்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். ஜெட்டை ஒரு படி இறக்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, மறு ஓட்டம் வேண்டாம், பிஸ்டன் பிடித்துவிடும். இன்னொன்று: குளிர்ந்த காற்று அடர்த்தியானது. உச்சி வெயிலில் சரியாக இருந்த ஜெட், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜில்லென்று வீசும் காலையில் போதாமல் போகும். டூ ஸ்ட்ரோக்கில் ஒரு பிஸ்டன் போனால் நோட்டில் சேர்ந்த லாபமும் அதோடு போச்சு.

செலவே இல்லாமல் கிடைப்பது கிளம்பும் வேகம். கிளம்பும் இடத்தில் மூன்று மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரியும் முறையில் 0.4 வினாடியில் பச்சை வரும். முந்தினால் சிவப்பு, ஓட்டமே போச்சு. வீட்டில் விளக்கு வைத்துக் கையைப் பழக்குங்கள். கிளட்ச் பிளேட்டும் நீடிக்கும்.

ஸ்பான்சர் வேண்டுமானால் ஊர் ஆயில் கடையில் கேளுங்கள். பணமாகக் கேட்டால் அண்ணாச்சி யோசிப்பார், ஆயிலாகக் கேட்டால் கொடுத்துவிடுவார். டெம்போவில் இன்னொரு வண்டியையும் ஏற்றி வாடகையைப் பங்கு போடுங்கள். உதிரிப் பாகங்களை கோவை உக்கடத்தில் அலசிப் பாருங்கள். ஹெல்மெட், லெதர் சூட், எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ரேஸ் சம்மேளனம்) லைசென்ஸ் இவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ரோட்டில் ஓட்டிக் காட்டி வேலை பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் அது குற்றம். சாதாரண இன்சூரன்ஸும் ரேஸுக்குச் செல்லாது. எதிரே பால்காரர் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் மைதானம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போங்கள்.

சீசன் முடிந்ததும் நோட்டைக் கூட்டிப் பாருங்கள். துண்டு விழுந்தால் அடுத்த வருஷம் ஒரு ரேஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.