அன்றாட ஓட்டத்துக்குப் பழைய நாற்சக்கர இயக்க வண்டி வாங்கலாமா?
சிங்கப்பூரில் பழைய லேண்ட் ரோவர் போன்ற நாற்சக்கர இயக்க வண்டியை அன்றாடம் ஓட்ட விரும்புவோர், விலை பேசும் முன் அது எந்தத் திட்டத்தின்கீழ் பதிவாகியுள்ளது என்று பார்க்க வேண்டும். 35 வயதைக் கடந்து கிளாசிக் வாகனத் திட்டத்தில் உள்ள வண்டியை ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம் என்பதால், அது தினசரி வேலைக்கு உதவாது. வாகன உரிமைச் சான்றிதழை (வண்டி வைத்திருக்கக் குறிப்பிட்ட காலத்துக்கு அரசு தரும் அனுமதி, COE) புதுப்பித்த வண்டியென்றால், அதில் எத்தனை ஆண்டு மீதமுள்ளது என்று கேளுங்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி நீட்டிக்க இயலாது.

அதைவிட முக்கியம், வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிச்சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது. நம் ஈரக்காற்றில், மேற்பூச்சு பளபளத்தாலும் உள்ளே துரு அரித்திருக்கலாம். கணீரென்று ஒலிக்க வேண்டிய இடம் மந்தமாக ஒலித்தால், எவ்வளவு ஆசைப்பட்ட வண்டியானாலும் நான் வாங்க மாட்டேன். வீட்டருகே உள்ள அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் உயர வரம்பையும் பார்த்துவிடுங்கள்.