செம்பருத்திக் குச்சி: கொடுப்பவரும் வாங்குபவரும் செய்யும் தவறுகள்

நாட்டுச் செம்பருத்தியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு வேலியில் ஒரு கிளையை ஒடித்து வந்து ஊன்றியதுதான் பெரும்பாலான வீட்டு வாசல்களில் நிற்கிறது. செடி கெட்டித்தனமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் ‘எப்படி ஊன்றினாலும் வந்துவிடும்’ என்று நினைப்பதால்தான் பல குச்சிகள் வேர் விடாமலே காய்கின்றன. அதைவிட மோசம், குச்சியோடு சேர்ந்து, செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியும் வீடு மாறுகிறது.

முதல் தவறு கிளையைக் கையால் ஒடிப்பது. பட்டை நார்நாராகக் கிழியும், அந்தக் கிழிசலில்தான் அழுகல் தொடங்கும். கூரான கத்தரியோ பிளேடோ எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்டுங்கள். நுனியில் இருக்கும் பச்சைத் தளிர் அழுகிவிடும். அடியில் முற்றிய கட்டை வேர் விட நாளாகும். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள பகுதிதான் வேண்டும். நீளம் 6 முதல் 8 அங்குலம், அதில் 4 அல்லது 5 கணுக்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டுங்கள். கணுவை ஒட்டித்தான் வேர் எளிதாகக் கிளம்பும். பத்துக் குச்சிகளைக் கட்டிக் கொடுக்கும்போது எது தலை, எது அடி என்று வாங்குபவருக்கு அந்தச் சாய்வே சொல்லிவிடும். தலைகீழாக நட்ட குச்சி பெரும்பாலும் காய்ந்தே போகும். மொட்டு, பூ எதுவும் இருக்கக் கூடாது. மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள்.

நல்லது செய்வதாக நினைத்துத் தொழு உரம் கலந்த மண்ணில் நடுகிறார்கள். வேரே இல்லாத குச்சிக்கு உரம் எதற்கு? வெட்டுவாய்தான் அழுகும். மணலும், இரண்டு மூன்று முறை அலசி உப்புப் போக்கிய தேங்காய் நார்க்கழிவும் சம அளவு போதும். முதலில் ஒரு குச்சியால் குழி போட்டுக்கொண்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் நட்டுவிட்டுக் குச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடிக்குப் பிறகு நடுங்கள்.

இரண்டு வாரத்தில் கணுவிலிருந்து சின்னதாக ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். அது வேர் பிடித்ததற்கு அடையாளமில்லை. தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை வைத்துக்கொண்டு வரும் துளிர் அது. அதைப் பார்த்ததும் வெயிலுக்கு மாற்றினாலோ வேறொருவருக்குப் பிடுங்கிக் கொடுத்தாலோ நான்கே நாளில் வாடிவிடும். ஐந்தாறு வாரம் பொறுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பையில் அடியில் துளையிட்டு நட்டால், வெள்ளை வேர் சுவரை ஒட்டி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பிடுங்கிப் பார்க்க வேண்டிய வேலை இல்லை.

இனி மாவுப்பூச்சி. இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். தாய்ச்செடியின் நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிட்டதா, இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறதா, தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்தச் செடியிலிருந்து குச்சி கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பஞ்சு போன்ற அந்த உறைக்குள் முட்டைகள் நிறைய இருக்கும். சுருண்ட நுனிகளைக் கத்தரித்து, பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள், மட்கு உரக் குழியில் வீசாதீர்கள். மீதிச் செடிமேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி திரவ சோப்பும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். எறும்பைத் தடுக்காமல் மருந்து மட்டும் அடித்தால் பூச்சி குறையாது. மாவுப்பூச்சி கசியவிடும் தேன்போன்ற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதன் எதிரிகளை விரட்டிக் காவல் காக்கும்.

கடுமையான பூச்சிக்கொல்லிக்கு ஓடுவதும் தவறு. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. அதை அடக்கியவை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள், அதாவது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவிகள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இப்படிப்பட்ட குளவிகளையும் பொறிவண்டுகளையும் அந்த மருந்துகள் சேர்த்தே கொன்றுவிடும்.

நர்சரியில் வாங்கிய பெரிய பூ ஹைப்ரிட் செடியிலிருந்து குச்சி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பல ஒட்டுச்செடிகள், அதாவது ஒரு செடியின் வேர்ப்பகுதியில் வேறொரு ரகத்தின் கிளையை ஒட்டியவை. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளையை நட்டால் வேர்ச்செடியின் பூதான் வரும், அந்த மஞ்சளோ ஆரஞ்சோ வராது. மேல்கிளைக் குச்சி வேர் விட்டாலும் சில ரகங்களில் வேர் பலமாக இருக்காது.

வளர்ந்த செடியில் பூ குறைந்தால் உடனே டி.ஏ.பி.யும் எலும்புத் தூளும் போடுகிறார்கள். இரண்டிலும் நிறைய இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) செம்பருத்திக்கு அதிகம் தேவையில்லை. மிஞ்சினால் இரும்புச்சத்தை எடுக்கவிடாமல் செய்யும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைதான். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஒரு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளியுங்கள். பூ குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் உரமே இல்லை, கவாத்து செய்யாததுதான். புதுக்கிளை நுனியில்தான் மொட்டு வரும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு வெட்டியே ஆக வேண்டும். மொட்டு விரியாமல் உதிர்ந்தால் தண்ணீரைக் கவனியுங்கள். ஒருநாள் மண் வெடிக்கக் காயவிட்டு மறுநாள் குளமாக ஊற்றினால் அடுக்குச் செம்பருத்தி முதலில் மொட்டைத்தான் கொட்டும்.