சத்தியக் கடதாசியில் ஒப்பம் வைக்கமுதல்

கிளிநொச்சியோ மாங்குளமோ, பிரதேச செயலகத்துக்கோ கோட்டுக்கோ கிட்ட ரைப் அடிக்கிற கடை ஒன்று இருக்கும். காணி உறுதி தொலைந்தது என்று சொன்னால் போதும், கணினியில் ஏற்கெனவே கிடக்கிற மாதிரியைத் திறந்து, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றி, பத்து நிமிசத்தில் சத்தியக் கடதாசியை, அதாவது சொல்வது உண்மை என்று சத்தியம் பண்ணி ஒப்பமிடுகிற அஃபிடவிட்டை, கையில் தந்துவிடுவார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது. முந்தி வந்த ஆளுடைய வசனம் உங்கள் கடதாசியில் அப்படியே கிடக்கும்: "எனக்கு வேறு சகோதரர் எவரும் இல்லை." உங்கள் தங்கச்சியோ கனடாவில்.

ஒப்பம் வைத்தால் அது உங்கள் வசனம்தான். "ஜே.பி.யே (சமாதான நீதவானே) சீல் அடித்தவர்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை, அவர் சாட்சியம் சொல்வது உள்ளே உள்ளது உண்மை என்பதற்கல்ல, நீங்கள் அவர் முன்னால் ஒப்பமிட்டீர்கள் என்பதற்கு.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 188ஆம் பிரிவுப்படி, பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று நம்பாமலோ சத்தியத்தின் மேல் ஒன்றைச் சொன்னால் அது பொய்ச் சாட்சியம். நம்பாததை "நம்புகிறேன்" என்று எழுதுவதும் அதற்குள்தான் வரும். 190ஆம் பிரிவில் தண்டனை: நீதிமன்ற நடவடிக்கையில் என்றால் 7 வருடம் வரை சிறை, தண்டப்பணமும் உண்டு, மற்ற இடங்களில் 3 வருடம் வரை. "சத்தியம் செய்கிறேன்" என்று இல்லாமல் "உறுதிப்படுத்துகிறேன்" என்று இருந்தாலும் விசயம் ஒன்றுதான். வற்றாப்பளை அம்மாளாச்சி மேல் பொய்ச் சத்தியம் பண்ணப் பயப்படுகிற எங்கள் சனம், இந்தக் கடதாசிக்கு மட்டும் ஏனோ பயப்படுவதில்லை.

சரி, எப்படி எழுதுவது? கண்டதையும் கேட்டதையும் கலக்காதீர்கள். யுத்தத்தில் தொலைந்த என் மாமியின் உறுதி விசயத்தில் "2009இல் எரிந்துபோனது" என்று அடித்திருந்தார்கள். எரிந்ததை நீங்கள் கண்டீர்களா மாமி என்று கேட்டேன். "இல்லையடா தம்பி, பெட்டியை வீட்டிலை விட்டிட்டுத்தான் மாத்தளனுக்குப் போனது, திரும்பி வரேக்கை வீட்டிலை கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை." அதையே எழுதச் சொன்னேன். கடைக்காரப் பொடியனுக்கு இரண்டு வரி கூட, முகம் சுளித்தான். ஆனால் நாளைக்கு அந்த உறுதி எங்கேயாவது கிளம்பி வந்தாலும் மாமி சொன்னது பொய்யாகாது. திகதி நினைவில்லையென்றால் "அளவில்" என்று போடுங்கள். குடிமுறை வழக்குகளுக்கு இன்னும் இறுக்கம், பொதுவாகச் சொந்த அறிவில் தெரிந்ததைத்தான் எழுதலாம் என்று சட்டமே சொல்கிறது.

உறுதி வங்கியில் ஈடாக இருக்கத் "தொலைந்தது" என்று எழுதுவது, வெளிநாட்டிலுள்ள பங்குகாரரை மறைப்பது, இரண்டும் ஊரில் அடிக்கடி கேட்கிற கதைகள். மறைத்து எடுத்த காணிக்கு எதிராக அந்தத் தங்கச்சி வழக்குப் போடலாம், அப்போது முதல் ஆதாரமே உங்கள் ஒப்பம். "சும்மா போடு, ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்று பக்கத்தில் நின்று சொன்னவரும் உடந்தையாக மாட்டலாம்.

பிழையாகக் கொடுத்துவிட்டீர்களா? அலுவலகம் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், ஒரு சட்டத்தரணியிடம் கதைத்து, திருத்திய சத்தியக் கடதாசியை எழுத்தில் கொடுங்கள். காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அடித்திருந்தால், தமிழில் சொல்லிக்காட்டும்வரை பேனையை எடுக்க வேண்டாம். கையால் திருத்திய ஒவ்வொரு இடத்திலும் நீங்களும் ஜே.பி.யும் சுருக்கொப்பம் வையுங்கள், கொடுக்கமுதல் ஒரு போட்டோக் கொப்பியும் எடுத்து வீட்டில் வையுங்கள்.