புல் ரிக்வெஸ்ட் வந்துவிட்டது, இனி என்ன செய்வது?

தமிழ் எழுத்துகளை எண்ண, பிரிக்க, திருப்பிப் போட உதவும் ஒரு சிறிய நூலகத்தை, அதாவது பிறர் தங்கள் நிரலில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பை, பைத்தான் நிரல்மொழியில் எட்டு வருஷமாகப் பராமரித்து வருகிறேன். பகலில் மதுரையில் அலுவலக வேலை. நூலகத்துக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கும் நேரமும் ஞாயிற்றுக்கிழமை காலையும்தான். இதுவரை 60 பேருக்கு மேல், 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கும் புல் ரிக்வெஸ்டாக நிரல் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நான் இழந்தேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் ஆசிரியர், யூனிகோடுக்கு முன் புழங்கிய திஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் உள்ள பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரலை அனுப்பினார். திஸ்கியில் கொம்பு, மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் அது பின்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைப் பிசகில்லாமல் செய்வது லேசான வேலை இல்லை. அவர் செய்திருந்தார், நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டுகளும் எழுதியிருந்தார். 'நிதானமாகப் படித்துவிட்டுப் பதில் போடலாம்' என்று வைத்தேன். நான்கு மாதம் ஓடிவிட்டது. திறந்து பார்த்தபோது அவரே அதை மூடியிருந்தார். "பரவாயில்லை, என் தேவைக்கு நானே வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி. அதன் பிறகு அவர் வரவே இல்லை. அவருடைய நிரலில் குறை ஒன்றும் இல்லை. நான் ஒரு வார்த்தை எழுதாததுதான் குறை.

அதனால் முதலில் பதில். இரண்டு நாளுக்குள் போய்விட வேண்டும். நிரலை வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்லும் முழு ரிவ்யூ தேவையில்லை. நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வணக்கம், அனுப்பியதற்கு நன்றி. எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறீர்கள் என்பது புரிந்தது. ஞாயிறு காலை உட்கார்ந்து படிக்கிறேன்." இதற்கு ஒரு நிமிஷம் போதும். சொன்ன ஞாயிறு முடியாமல் போனால் அன்றைக்கே 'அடுத்த ஞாயிறு' என்று எழுதிவிடுங்கள். மக்கள் காத்திருப்பார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களை விரட்டுகிறது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்தத் திட்டங்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் முதல்முறை நிரல் அனுப்புபவருக்கு, பராமரிப்பாளர் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் தானியங்கி டெஸ்டுகள் ஓடும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புதியவருக்கு இது தெரியாது; தன் நிரலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். மாற்றங்களை மேலோட்டமாகப் பார்த்து, விபரீதமாக ஒன்றும் இல்லை என்றால், முதல் பதிலோடு அந்தப் பொத்தானையும் அழுத்திவிடுங்கள்.

ஆட்கள் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பங்களிப்பாளர் வழிகாட்டி என்று ஒரு கோப்பு பல திட்டங்களில் இருக்கும். என்னுடையது ஒரு பக்கம்தான். டெஸ்டுகளை ஓட்டும் ஒரே ஒரு கட்டளை, பெரிய மாற்றம் என்றால் முதலில் இஷ்யூ என்ற விவாதப் பதிவைத் திறந்து பேசுங்கள் என்ற வேண்டுகோள், எவற்றை நாங்கள் ஏற்பதில்லை என்ற பட்டியல். அவ்வளவுதான். எழுதி முடித்த பிறகு, கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகனிடம் அதைக் கொடுத்து, அவனுடைய லேப்டாப்பில் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். 40 நிமிஷம் ஆகியும் ஒரு டெஸ்ட்கூட ஓடவில்லை. தேவையான ஒரு தொகுப்பை என் கணினியில் எப்போதோ நிறுவியிருந்ததால் அதை எழுத மறந்திருந்தேன். "அத்தை, இது உங்களுக்கு மட்டும்தான் ஓடும்" என்றான். நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் உதவாதீர்கள்.

அடுத்தது ரிவ்யூ. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவர் சொல்லைத் திருப்பிப் போடும் செயற்கூறைத் திருத்தி அனுப்பினார். பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் கொக்கியும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். நமக்கோ மூன்று எழுத்து. எனவே முதலில் எழுத்தாகச் சேர்த்து, பிறகு திருப்ப வேண்டும். 'ழ்மித' என்று வர வேண்டும். மாணவர் 'ஒரு மெய், அதன் பின் ஒரு குறி இருந்தால் அதையும் சேர்' என்று எழுதியிருந்தார். அவர் கொடுத்த சொற்களுக்கெல்லாம் சரியாகவே வேலை செய்தது.

ஆனால் 'கொக்கு' என்ற சொல்லை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தால் சொல்லில் மொத்தம் ஆறு குறிகள். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று பிரித்து வைத்தால் ஏழு. திரையில் இரண்டும் ஒரே கொக்குதான். இரண்டாவது கொக்கைக் கொடுத்ததும் அவருடைய நிரல் 'கெ' என்பதை ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு, துணைக்காலைத் தனியே விட்டுவிட்டது. திருப்பிப் போட்டால் அந்தக் கால் ஒரு புள்ளி வட்டத்தை ஒட்டிக்கொண்டு அநாதையாக நின்றது.

இந்த இடத்தில் 'யூனிகோட் இயல்பாக்கம் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள்' என்று எழுதலாம். எழுதினால் அவர் வர மாட்டார். நானே திருத்திச் சேர்த்தும் விடலாம். அவர் கற்க ஒன்றும் இருக்காது. நான் செய்தது வேறு. தோற்றுப்போகும் ஒரே ஒரு டெஸ்டை எழுதி, "இந்தக் கொக்குக்கும் மூன்று எழுத்து வர வேண்டும், இப்போது நான்கு வருகிறது. குறிகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பாருங்களேன்" என்று அனுப்பினேன். மறுநாள் ராத்திரி பதினொன்றரைக்குத் திருத்தம் வந்தது. அதோடு 'ஸ்ரீ' என்பதையும் இரண்டு விதமாக எழுதலாம் என்று கண்டுபிடித்து, அதற்கும் ஒரு டெஸ்ட் சேர்த்திருந்தார். 'மேடம்' என்று ஆரம்பித்தவர் மூன்றாவது பதிலில் 'அக்கா' என்றார்.

குறையைத் தோற்கும் டெஸ்டாகக் கொடுத்தால் யாருக்கும் மனம் கோணுவதில்லை. என் கருத்தா அவர் கருத்தா என்ற வாதமே எழாது. இடைவெளி, மேற்கோள் குறி, வரி நீளம் போன்றவற்றை நான் பேசுவதே இல்லை. பிளாக், ரஃப் போன்ற, நிரலைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவிகள் பார்த்துக்கொள்ளும். எழுத்துப்பிழை மாதிரி சின்ன விஷயம் என்றால், பராமரிப்பாளர் திருத்தலாம் என்ற அனுமதி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நானே சரிசெய்து முடித்துவிடுவேன். ஒருவரை ஒரு காற்புள்ளிக்காக மூன்று முறை அலைய விடக் கூடாது.

பெரிய புல் ரிக்வெஸ்ட் வேறு ரகம். ஒருமுறை 41 கோப்புகளில் மாற்றம் வந்தது. இடைவெளி மாற்றங்களை மறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டதும் உண்மையான மாற்றம் இரண்டு கோப்புகளுக்குச் சுருங்கியது. அவருடைய எடிட்டர் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் எல்லா வரிகளையும் மாற்றியடுக்கியிருந்தது. நிஜமாகவே பெரியது என்றால் பிரித்து அனுப்பக் கேளுங்கள். எப்படிப் பிரிக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்: முதலில் பெயர் மாற்றங்கள், அப்புறம் டெஸ்டுகள், கடைசியில் புதிய வசதி.

சரி, மறுக்க வேண்டி வந்தால்? ஒருவர் நூலகத்துக்குள் பேச்சொலி வசதி ஒன்றைச் சேர்த்து அனுப்பினார். நன்றாக எழுதியிருந்தார். ஆனால் அதைப் பின்னாளில் பார்த்துக்கொள்ள எனக்கு அறிவும் இல்லை, நேரமும் இல்லை. கூரை போட்டுக் கொடுத்தவர் போய்விடுவார், ஒழுகினால் வாளி வைக்கப்போவது நாம்தான். இதையே அவருக்குப் பணிவாக எழுதி, தனித் தொகுப்பாக வெளியிட்டால் எங்கள் திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மியில் இணைப்பு கொடுக்கிறேன் என்றேன். வெளியிட்டார், கொடுத்தேன். மறுப்பை ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள். காரணத்தை முழுதாகச் சொல்லுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

நிரல் யாருடையது என்றும் கேட்டாக வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருனியில் 2004 முதல் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும், கையொப்ப வரி கேட்கிறார்கள். 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று அனுப்புபவர் தரும் உறுதி அது. நிரல் மாற்றங்களைப் பதியும் கருவியான கிட்டில் கமிட் செய்யும்போது ஒரு 'மைனஸ் எஸ்' சேர்த்தால் போதும். சிறிய திட்டத்துக்கு இந்த அளவே தாராளம். எங்கள் மாதிரி மொழித் திட்டங்களில் நிரலைவிடச் சொற்பட்டியல்தான் ஆபத்து. ஆயிரக்கணக்கான சொற்களோடு ஒரு கோப்பு வரும். விசாரித்தால் கடையில் விற்கும் அகராதியிலிருந்து எடுத்ததாக இருக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூலா, உரிமம் தெளிவாக உள்ள தளமா, சொந்தமாகத் திரட்டியதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் சேர்க்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய நிரல்களும் நிறைய வருகின்றன. கருவி எது என்று நான் கேட்பதில்லை. ஏதாவது ஒரு வரியைக் காட்டி "இது எதற்கு?" என்று கேட்பேன். எழுதியவருக்குப் புரிந்திருந்தால் இரண்டு வாக்கியத்தில் பதில் வரும், உரையாடல் தொடரும். இல்லையென்றால் நன்றி சொல்லி மூடிவிடுவேன்.

நீண்டநாள் பங்களித்தவருக்கு மெர்ஜ் உரிமை, அதாவது வந்த நிரலைத் திட்டத்தில் சேர்க்கும் உரிமை, கொடுப்பது மகிழ்ச்சியான நாள். ஆனால் 2024 மார்ச் மாதக் கடைசியில் வெளிவந்த, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற மென்பொருளின் விவகாரத்தை மனதில் வையுங்கள். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, பராமரிப்பாளராகவும் ஆகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசலை, அதாவது பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழியை, நுழைத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் செல்ல உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர் கவனித்துத் தோண்டியதால்தான் அது தெரியவந்தது. அதற்கு முன்பே, களைத்திருந்த பழைய பராமரிப்பாளரைச் சில அறிமுகமில்லாத பெயர்கள் 'ஏன் தாமதம், பொறுப்பை வேறு ஆளிடம் கொடு' என்று நெருக்கியிருந்தன. எனக்கு அந்தப் பகுதியைப் படிக்கவே வலித்தது. ஆகவே நெருக்கடிக்குப் பணிந்து உரிமை கொடுக்காதீர்கள். படிப்படியாகக் கொடுங்கள்: முதலில் இஷ்யூக்களை வகைப்படுத்தும் அனுமதி, அப்புறம் மெர்ஜ், வெளியீட்டுச் சாவி கடைசியில். நிரலின் அசல் பிரதியான முதன்மைக் கிளையில் எதைச் சேர்க்கவும் இரண்டாவது ஆளின் ஒப்புதல் கட்டாயம் என்று அமைத்துவிடுங்கள். எனக்கும் அதே விதிதான். படிக்க முடியாத பைனரி கோப்பு, டெஸ்ட் தரவு என்ற பெயரில் வந்தாலும், எப்படி உருவானது என்று தெரியாமல் உள்ளே விடாதீர்கள். எக்ஸ்-இசட்டில் விஷம் ஒளிந்திருந்தது டெஸ்ட் கோப்புகளில்தான்.

ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் பங்களித்த எல்லோர் பெயரையும், அவர்கள் விரும்பும் எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழை திருத்தியவருக்கும் அதே இடம். தன் பெயர் இருந்த பக்கத்தை அச்செடுத்து அம்மாவிடம் காட்டியதாக ஒரு பெண் எழுதியிருந்தாள்.

உங்களால் முடியாத காலமும் வரும். அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக நான் மூன்று மாதம் கணினியைத் தொடவில்லை. கிளம்பும் முன் ரீட்மியின் மேல் ஒரு வரி போட்டேன்: "ஜூலை வரை பதில் தாமதமாகும். அவசரத் திருத்தங்களை மற்ற இரு பராமரிப்பாளர்களும் பார்ப்பார்கள்." ஜூலையில் வந்து பார்த்தால் 9 புல் ரிக்வெஸ்ட்டுகள் காத்திருந்தன. அதில் ஆறுக்கு, வந்த இரண்டு நாளுக்குள் முதல் பதில் போயிருந்தது. "வணக்கம், அனுப்பியதற்கு நன்றி. சனிக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்" என்று எழுதியிருந்தவர் அந்தக் கொக்கு மாணவர்.